பேரிக்கனியும் அதன் வரலாறும்

மா, பலா, வாழை என்னும் மூன்றனையும் முக்கனியெனப் போற்றிய தமிழ் மக்களுக்குப் பேரி அயற்கனியேயாகும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் விழித்தெழும் இயல்புடைய மரமாதலின், வெம்மை மிக்க நம் சமநிலத்தில் அது பூத்துக் காய்ப்பதில்லை. இலங்கையில் நுவரெலியா, வெலிமடை முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலும், தமிழகத்தில் கொடைக்கானல், நீலகிரி ஆகிய மலைகளிலுமே அதனைக் காணலாம். அங்கும் அஃது ஐரோப்பியர் வழியாக வந்து குடியேறிய மரமே. எனினும் உலகின் பிற பகுதிகளில் மூவாயிரம் ஆண்டுகளாக மக்களோடு மக்களாய் வாழ்ந்து வந்த இக்கனியின் வரலாறு, வரலாறு பயில்வோர் கருதத்தக்க செய்தி பலவற்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

கனி வந்து சேருமுன்னரே அதன் பெயர் நம் நாட்டிற்கு வந்துவிட்டது என்பது முதற்கண் குறிப்பிடத்தக்கது. போர்த்துக்கேய மொழியில் இக்கனிக்குப் 'பேரா' என்பது பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கீழ்நாடுகளுக்குக் கொய்யாவைக் கொணர்ந்தவரும் போர்த்துக்கேயரே. கொய்யா தோற்றத்தில் பேரியை ஒத்திருத்தலின், அப்பெயர் அதன்மேல் ஏறிற்று. இன்றும் சிங்கள மக்கள் கொய்யாவைப் 'பேர' என்றே வழங்குவர். வங்காளத்தார் 'பெயாரா' என்பர். ஆனைக்கொய்யாவும் சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' எனப்படுகின்றது. தமிழரோ அக்கனிக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய 'கோயாபா' என்னும் பெயரையே ஏற்றுக் கொய்யா என்றாக்கிக் கொண்டனர் என்பது மொழிநூலார் கருத்து. ஆகவே ஒரே தீவில், அடுத்தடுத்து வாழும் இரு மொழியினருள் ஒருவர் கனியின் சொந்தப் பெயரையும், மற்றவர் இரவற் பெயரையும் கைக்கொண்டனர். பேரியைத் தமிழர் பழம் என்னாது பேரிக்காய் என்றே கூறுதலும் கருதத்தக்கது. கடையில் வாங்கும்போது அது பெரும்பாலும் காயாகவே இருத்தலின் அவ்வழக்கு எழுந்தது போலும். அதற்கு ஒரு காரணம் உண்டு; அதனைப் பின்னர்க் காண்போம்.

பேரி, ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிளுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஆப்பிளில் இல்லாத ஒரு தன்மை பேரியில் உண்டு. அதன் சதையைக் கடிக்கும்போது பல்லில் மணல் அகப்பட்டாற்போன்ற உணர்ச்சி தோன்றும். தடித்த சுவரையுடைய கற்கலங்கள் கூட்டங்கூட்டமாகச் சதையினுள் அமைந்திருத்தலே இதற்குக் காரணம். காட்டுப் பேரியில் இவை மிகுதி; சுவையோ துவர்ப்பு. உண்ணத்தகாத அக்காயினின்று வாயில் வைத்தவுடன் வெண்ணெய்போல் உருகும் கனியை மனிதன் பெற்றதெவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை விளங்கிக் கொள்வதற்கு மரத்தின் ஓர் இயல்பை அறிதல் வேண்டும். பேரி தன் மகரந்தத்தால் தான் சூல்கொள்வதில்லை. வேற்றினப் பேரியின் மகரந்தம் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு வித்தும் ஒரு கலப்பு. தேன்போலும் கனி தந்த மரத்தின் வித்தை ஊன்றினால், முளைக்கும் மரம் பெரும்பாலும் துவர்ப்புக் காயையே தரும். நற்குணத்தைக் காக்க ஒரே வழி, அம்மரத்தின் கிளைத்துண்டொன்றை எடுத்து வேறொரு கன்றின்மீது ஒட்டுதல். வளவில் ஒட்டுமாங்கன்று வைத்தவர் இதனை எளிதில் உணர்வர். இவ்வாறு ஒட்டப்பட்ட மரம் தாய்மரத்தின் பிள்ளை அன்று; தாய்மரமேதான். ஒரு பெயர் பூண்ட பேரி மரங்கள் யாவும், அவை எத்தனை கோடியாயினும், எங்கோ ஒரு மூலையில் என்றோ முளைத்த ஒற்றை மரத்தின் தொடர்ச்சியே. கையினின்று கைக்கு மாறாது எங்கேனும் ஒரு தலைமுறையில் அச்சங்கிலி அறுமாயின், அவ்வினம் அழியும்; மீட்டும் அதனை வித்தினின்று பெறல் இயலாது.

பேரியினத்தின் பிறப்பிடம் ஆசியாவே என்பதில் ஐயமில்லை. உருசியத் தாவரவியலறிஞர் வாவிலோவ், சீனம், மத்திய ஆசியா, காக்கேசிய மலைகளை உள்ளிட்ட மேற்காசியா என மூன்று மையங்களைச் சுட்டினார். 113 வகைப் பேரிகளின் பிறப்புரிமைப் பொருளை ஒப்பிட்டு 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இவ்வினம் தென்மேற்குச் சீனத்தில் தோன்றி மத்திய ஆசியா வழியாக மேற்கே பரவியதென்றும், கீழைப் பேரியும் மேலைப் பேரியும் பிரிந்து முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாயின என்றும் காட்டிற்று. அஃதாவது, மனிதன் வேளாண்மை தொடங்குமுன்னரே பேரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிரிந்த இரண்டையும் இரு வேறு நாகரிகங்கள் தனித்தனியே பழக்கி வளர்த்தன. கீழைப் பேரி உருண்டை வடிவினது, மொறுமொறுப்பானது, நீர் நிறைந்தது, மரத்திலேயே பழுப்பது. மேலைப் பேரி கழுத்து நீண்டது. மென்மையும் மணமும் உடையது. பறித்த பின்னரே செவ்வையாகப் பழுப்பது.

மேலைநாட்டு இலக்கியத்தில் பேரி புகும் இடம் பெருமை வாய்ந்தது. ஓமர் இயற்றிய ஒடிசி காவியத்தில் அல்கினூசு மன்னனின் தோட்டத்து மரங்களுள் அது கூறப்படுகின்றது. ஆயினும் இறுதிப் பகுதியில் வரும் செய்தியே சிறந்தது. இருபது ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய ஒடிசியசு, தானே மகனென்று முதிய தந்தைக்கு மெய்ப்பிக்க வேண்டியவனாகின்றான். காலில் இருந்த தழும்பைக் காட்டிய பின், சிறுவனாய்த் தந்தையின் பின் தோட்டத்தில் திரிந்தபோது அவர் தனக்கெனக் கொடுத்த மரங்களை எண்ணிச் சொல்கின்றான்: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40. தந்தையின் ஐயம் நீங்குகின்றது. மரங்களின் எண்ணிக்கை குடும்ப உரிமைச் சான்றாக நின்ற காலம் அது.

கிரேக்க அறிஞர் தியோபிராசுதசு, வித்தினின்று எழும் பேரி தன் நற்குணத்தை இழந்து காட்டுத்தன்மை அடையும் என்பதை அக்காலத்திலேயே குறித்துள்ளார். கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் உரோமானியரான கேட்டோ தம் வேளாண்மை நூலில் பேரியை ஒட்டும் முறையை விளக்கினார். கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலையின் சீற்றத்தில் உயிர்நீத்த முதுபிளினி ஏறக்குறைய 40 வகைகளைப் பெயர் கூறிச் செல்கின்றார். அவற்றுட் சில ஊரால் பெயர் பெற்றவை. சில ஆளால் பெயர் பெற்றவை. தைபீரியசுப் பேரரசன் விரும்பி உண்டதற்கு அவன் பெயரே அமைந்தது. பச்சையாக உண்டால் பேரி வயிற்றுக்குக் கடினம் என்பதும், வேகவைத்து உண்டால் நன்று என்பதும் அவர் கொள்கை. உரோமரின் சமையல் நூலாகிய அபீசியசில் பேரியை வேகவைத்து மசித்து, மிளகு, சீரகம், தேன், எண்ணெய், முட்டை முதலியவற்றோடு சேர்த்துச் செய்யும் பண்டம் ஒன்று காணப்படுகின்றது. அதில் இட்ட மிளகு சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து சென்றதாதலின், பேரி தமிழகத்துக்கு வருமுன்னரே தமிழகத்தின் மிளகு பேரியைச் சந்தித்தது எனலாம்.

வட ஆபிரிக்காவில் தகாசுதே என்னும் ஊரில், 16 வயதுச் சிறுவன் ஒருவன் தோழரோடு கூடி அயலார் பேரி மரத்தை இரவில் உலுக்கிக் காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தான். பசியாலன்று, தீமை செய்யும் இன்பத்துக்காகவே செய்தான். அவன் பின்னாளில் கிறித்தவத் திருச்சபையின் பேரறிஞராகிய அகுஸ்தீனாராகித் தம் வாழ்க்கை நூலில் அச்சிறு திருட்டைப் பல பக்கங்களில் ஆராய்ந்தார். பேரியின் காரணமாக எழுந்த தத்துவ விசாரணை இஃதொன்றே என எண்ணுகின்றேன்.

இனிச் சீனத்தை நோக்குவோம். அங்குப் பேரி ஒழுக்கத்தோடும் கலையோடும் இணைந்தது. கன்பூசியசின் வழித்தோன்றலாகிய கோங் உரோங் (153–208) நான்கு வயதில், தனக்கு முன் வைக்கப்பட்ட பேரிகளுள் பெரியவற்றை மூத்தோருக்கு விட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டான் என்னும் கதை, சிறுவர் பாடநூலாகிய மூவெழுத்து நூலில் இடம்பெற்றுத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. 8 ஆம் நூற்றாண்டில் தாங் மரபினனான சுவான்சோங் பேரரசன் அரண்மனைப் பேரித்தோட்டத்தில் இசைவாணரையும் ஆடல் வல்லாரையும் பயிற்றினான். அதனால் நாடகக் கலைஞரைப் 'பேரித்தோட்டத்து மாணவர்' என்றழைக்கும் வழக்கம் சீனத்தில் இன்றும் உண்டு. பேரியைக் குறிக்கும் 'லீ' என்னும் ஒலி பிரிவையும் குறிப்பதால், கணவனும் மனைவியும் ஒரே பேரியை வெட்டிப் பகிர்ந்துண்ணமாட்டார்கள். இருமலுக்குக் கற்கண்டிட்டு அவித்த பேரியை உண்பது அந்நாட்டு வீட்டு வைத்தியம்.

பேரி மரத்தின் பலகையும் அங்குப் பெரும்பணி ஆற்றிற்று. நுண்ணிய, சீரான இழையமைப்புடையதாய், எத்திசையிற் செதுக்கினும் பிளவாததாய் இருத்தலின், நூல் அச்சிடும் பலகைகளுக்கு இலந்தை மரத்தோடு பேரி மரத்தையும் சீனர் பெரிதும் பயன்படுத்தினர். பயனற்ற நூல் எழுதுவோனை 'பேரிக்கும் இலந்தைக்கும் கேடு சூழ்ந்தவன்' என்று இகழும் மரபுத்தொடர் அவர்கள் மொழியில் உண்டு. எழுதுகோல் எடுப்போர் யாவரும், இம்மலருக்குக் கட்டுரை வரைவோர் உட்பட, நினைவிற் கொள்ளத்தக்க தொடர் அது. ஐரோப்பாவிலும் மரச்செதுக்குப் படங்களுக்கும், துணியில் அச்சிடும் கட்டைகளுக்கும், புல்லாங்குழல் வகைகளுக்கும், வரைஞர் கையாளும் அளவுகோல்களுக்கும் பேரிப் பலகை விரும்பப்பட்டது.

சீனத்திலிருந்து இந்தியாவுக்குப் பேரி வந்த கதையை 7 ஆம் நூற்றாண்டில் யாத்திரை செய்த யுவான் சுவாங் எழுதியுள்ளார். கனிட்கன் என்னும் குசாணப் பேரரசனிடம் பிணையாளராக அனுப்பப்பட்ட சீனத்து இளவரசர், குளிர்காலத்தில் தங்குதற்குப் பஞ்சாபில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. அது சீனபுக்தி எனப் பெயர்பெற்றது. அதுவரை இந்நாட்டில் இல்லாத பேரியையும் பீச்சையும் அப்பிணையாளரே நட்டனராம். அதனால் பீச்சைச் 'சீனானி' என்றும், பேரியைச் 'சீனராசபுத்திரன்' என்றும் மக்கள் அழைத்தனர் என்பது அவர் கூற்று. இதனை முழுதும் வரலாறாகக் கொள்வதற்கில்லை. இமயச் சாரலில் காட்டுப் பேரி ஒன்று இயல்பாகவே வளர்கின்றது. ஆதலின் மரம் இந்தியாவுக்கு முற்றிலும் புதிது அன்று. ஆயினும் பழக்கிய நல்லினம் வடக்கிலிருந்து மனிதர் கைவழி வந்தது என்னும் நினைவு அப்பெயரில் நிலைத்திருந்ததாகக் கொள்ளலாம். சிறைப்பட்ட அரசகுமாரன் ஒருவன் தன் நாட்டுக் கனியை வேற்று மண்ணில் நட்டான் என மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

உரோமப் பேரரசு வீழ்ந்த பின் ஐரோப்பாவில் பேரி வளர்ப்பைப் பெரிதும் காத்தவை துறவியர் மடங்கள். இங்கிலாந்தில் பெட்பட்சயரிலிருந்த வார்டன் மடத்தின் பெயரால் அமைந்த 'வார்டன்' பேரி கல்போல் கடினமானது. நெடுநாள் வேகவைத்தே உண்ணப்பட்டது. இன்னொரு வகைப் பேரி உண்பதற்குதவாது, பிழிந்து புளிக்கவைத்துப் பருகும் 'பெரி' என்னும் பானத்துக்கே பயன்பட்டது. குளோசுடர், கெரிபோட், ஊசுடர் மாவட்டங்களிலும் பிரான்சின் நோர்மண்டியிலும் அத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது. அம்மரங்கள் பயன்தரப் பல்லாண்டு செல்லுமாதலின், பேரி நடுபவன் பேரனுக்காக நடுகின்றான் என்னும் கருத்துடைய பழமொழி ஆங்கிலேயரிடம் வழங்குகின்றது.

பிரான்சில் 14 ஆம் லூயி மன்னன் 1678 இல் தொடங்கி வெர்சேயில் அமைத்த காய்கனித் தோட்டத்தில் பேரிக்கே முதலிடம். சதுப்பு நிலத்தைத் திருத்தி அதனை ஆக்கியவர் இலா குவின்தினி. வழக்கறிஞர் தொழிலை விட்டுத் தோட்டக்கலையில் இறங்கியவர். மரங்களைச் சுவரோடு சாய்த்துப் படரவிட்டு, சுவரின் வெம்மையால் கனியை முன்கூட்டிப் பழுக்கச் செய்யும் முறையில் அவர் வல்லுநர். 'நல்ல கிறித்தவன்' என்னும் பொருள்படும் 'பொன் கிரெத்தியேன்' பேரியே அவர் மிக விரும்பியது.

இத்தனை சிறப்பிருந்தும், 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பேரியென்பது பெரும்பாலும் நறுக்கெனக் கடிக்கும் கடினக் கனியே. உருகும் கனி தோன்றியது பெல்சியத்தில். மோன்சு நகரத்துப் பாதிரியாராகிய நிக்கொலா ஆர்தன்பொன் (1705–1774) வித்துக்களை ஊன்றி, முளைத்தவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து, வெண்ணெய்ப் பேரி எனப்படும் புதிய இனங்களை உண்டாக்கினார். அவருக்குப் பின் வந்தவர் இழான் பத்தீசுத்து வான் மோன்சு (1765–1842). இவர் தொழிலால் மருந்தாளரும் இரசாயனப் பேராசிரியரும். மனத்தால் பேரித் தோட்டக்காரர். பல்லாயிரம் கன்றுகளை வித்தினின்று வளர்த்தார். பிரசெல்சில் இருந்த அவர் தோட்டம் 1819 இல் நகர் விரிவுக்காகக் கைப்பற்றப்பட்டது. எஞ்சிய கிளைகளை உலூவேனுக்குக் கொண்டு சென்று மீண்டும் தொடங்கினார். பெல்சிய விடுதலைப் போரின்போது, அந்துவேர்ப்பை முற்றுகையிட்ட படைக்கு ரொட்டி சுடுவதற்காக அந்நிலமும் பாழாக்கப்பட்டது. மூன்றாம் முறை எரிவாயுத் தொழிற்சாலை அமைப்பதற்காகப் பறிக்கப்பட்டது. மும்முறை அழிக்கப்பட்டும் அவர் கிளைகளை இலவசமாகப் பிறநாட்டாருக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. அமெரிக்கத் தோட்டங்கள் பலவற்றுக்கு அவர் அனுப்பிய கிளைகளே முதலாயின. தோட்டம் அழிந்தும் இனம் அழியாமைக்கு அக்கொடையே காரணம்.

இக்காலத்தில் எழுந்த அறிவுப் பூசல் ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. இங்கிலாந்தில் தோமசு அந்திரு நைற்று (1759–1838) என்னும் அறிஞர், தம் மாவட்டத்துப் பழம்பெரும் ஆப்பிள், பேரி இனங்கள் நோயுற்று நலிவதைக் கண்டார். ஒட்டுக்கிளை தாய்மரத்தின் உடற்கூறே ஆதலின், தாய்க்கு எத்துணை முதுமையோ அத்துணை முதுமை கிளைக்கும் உண்டு. தாய் இறக்கும் காலத்தில் உலகெங்குமுள்ள அதன் ஒட்டுக்களும் இறந்தொழியும் என 1795 இல் எழுதினார். வான் மோன்சின் கொள்கையும் இதற்கு அயலானதன்று. பழைய இனத்தின் வித்து இழிந்த கன்றையே தரும். புதிய கன்றின் வித்து மேம்பட்டதைத் தரும். ஆகவே தலைமுறை தலைமுறையாக விரைந்து விதைத்துச் செல்லல் வேண்டும் என்றார் அவர். நைற்று கூறியது மெய்யாயின், ஒட்டுதலால் இனத்தைக் காத்துவிட்டோம் எனத் தோட்டக்காரர் மூவாயிரம் ஆண்டுகளாகக் கொண்ட நம்பிக்கை வீண். எந்த நற்கனியும் மனிதனோடு சில நூறாண்டுகளே வாழும், பின் மறையும்.

இக்கேள்விக்குக் காலமே விடை கூற வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஆல்தர்மாசுடன் என்னும் சிற்றூரில், 1770 ஆம் ஆண்டையொட்டி, பள்ளியாசிரியர் ஒருவரின் தோட்டத்தில் தற்செயலாக முளைத்த பேரி ஒன்று வியத்தகு மணமும் சாறும் உடையதாயிருந்தது. ஆசிரியர் பெயர் ஸ்டேயர் என்பர். வில்லியம்சு என்னும் நாற்றுப்பண்ணையார் அதனைப் பரப்பியதால், வில்லியம்சு பேரி எனப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கன்றுகள் பெயர்ச்சீட்டை இழந்தன. அவை நின்ற தோட்டத்தைப் பின்னர் வாங்கிய ஈனொக்கு பாட்லெற் என்பவர் அதனைத் தம் பெயராலே விற்றார். உண்மை தெரியவந்தபோது பெயரை மாற்றக் காலங்கடந்துவிட்டது. அந்நாட்டார் இன்றும் பாட்லெற் என்றே வழங்குகின்றனர். பெயர் நிலைத்தது பண்ணையாருக்கும் தோட்டக்காரருக்கும். கண்டெடுத்த ஆசிரியருக்கு ஒன்றும் இல்லை. எவ்வாறாயினும், அம்மரம் தோன்றி 250 ஆண்டுகள் கழிந்தும் அதன் ஒட்டுக்கள் தளராது காய்க்கின்றன. பிரான்சில் ஆன்சே நகரத்தில் 1849 இல் முதற்கனி ஈன்ற 'கொமீசு' பேரியும், இங்கிலாந்தில் 1885 இல் நடைபெற்ற பேரி மாநாட்டில் காட்டப்பட்டு, 'மாநாடு' என்றே பெயர்பெற்ற பேரியும் அவ்வாறே. மாநாடுகளால் விளைந்த பயன்களுள் உண்ணத்தக்கது இதுவாகத்தான் இருக்கும்.

தார்வினும் பேரியைச் சான்றாகக் கொண்டார். 1859 இல் வெளிவந்த தம் நூலில், பிளினி காலத்துப் பேரி மிகத் தாழ்ந்த தரத்தது என்றும், தமக்குக் கிட்டிய நல்லதைத் தெரிந்து பேணிய பண்டைத் தோட்டக்காரர், நாம் உண்ணும் கனியைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார் என்றும் காட்டி, சிறு சிறு தெரிவுகள் நீண்ட காலத்தில் திரளும் ஆற்றலை விளக்கினார்.

அமெரிக்காவில் பேரிக்கு வேறொரு பகை காத்திருந்தது. நியூ யோக்கின் அட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1780 இல் முதன்முதல் கண்டறியப்பட்ட நோய் ஒன்று, பூவையும் தளிரையும் தீயிற் கருகியதுபோற் கறுக்கச் செய்து, சில வாரங்களில் மரத்தையே மாய்த்தது. மின்னல், வெயில், மண் என்று காரணம் பலவாறு கூறப்பட்டது. 1878 ஐ அடுத்த சில ஆண்டுகளில், இலினோய் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோமசு பரில் இதற்குக் காரணம் பற்றீரியாவே என நிறுவினார். பற்றீரியாவால் தாவரங்களுக்கும் நோய் வரும் என்பது உலகில் முதன்முதல் தெளிவானது இப்பேரி நோயினால்தான். 1890களில் மேர்ட்டன் உவெய்ற்று என்னும் ஆய்வாளர் இரண்டு செய்திகளைக் கண்டார். வேற்றின மகரந்தத்தைத் தேனீ கொண்டுவராவிடில் பேரி காய்க்காது என்பது ஒன்று. அந்நோயைப் பூவினின்று பூவுக்குக் கொண்டு செல்வதும் அத்தேனீயே என்பது மற்றொன்று. காய்ப்பும் அழிவும் ஒரே சிறகில் வந்தன.

நோயைத் தாங்கும் மரத்தைத் தேடிய அமெரிக்கர் நாடியது சீனத்தை. பிராங் மேயர் என்னும் தாவர சேகரிப்பாளர், கலேரிப் பேரியின் வித்துக்களைச் சேர்த்து அனுப்பி, 1918 இல் யாங்சி ஆற்றில் வீழ்ந்து இறந்தார். இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு கிளைகளும் இவ்வாறு ஒட்டுக்கட்டையும் ஒட்டுக்கிளையுமாக மீண்டும் கூடின. ஆயினும் அக்கூட்டுறவு கேடின்றி முடியவில்லை. கலேரிப் பேரியிலிருந்து தெரிந்தெடுத்து 1963 இல் 'பிராட்போட்' என வெளியிட்ட அழகுமரம் தெருவோரங்களில் எங்கும் நடப்பட்டது. ஒரே மரத்தின் ஒட்டாதலின் தன்னுள் வித்துக் கொள்ளாதென நம்பினர். வேறு கலேரி இனங்கள் அருகே நடப்பட்டதும் அது வித்தீன்று காடுகளிற் பரவிற்று. 2023 இல் ஒகாயோ மாநிலம் அதன் விற்பனையையே தடை செய்தது.

இனி, காயாகவே பறிப்பதன் காரணத்தைக் கூறுவேன். மேலைப் பேரி மரத்திலேயே பழுக்குமாயின் உள்ளிருந்து வெளியாகப் பழுத்து, புறம் நன்றாயிருக்கும்போதே அகம் கனிந்து கபிலநிறமாய்க் கெடும். ஆகவே முதிர்ந்த காயைப் பறித்துக் குளிரில் வைத்திருந்து, பின்னர் இளஞ்சூட்டில் பழுக்கவிடுவர். அக்குளிர், பழுக்கச் செய்யும் எதிலீன் வாயுவைக் கனி தானே உண்டாக்கத் தூண்டும். காம்பையொட்டிய கழுத்தை மெல்ல அழுத்தி, அது நெகிழ்ந்தால் உண்ணலாம். சதையில் நூற்றுக்கு 84 பங்கு நீர், நார்ப்பொருள் மிகுதி, சோர்பிற்றோல் என்னும் சருக்கரை வகையும் இருத்தலின் மலச்சிக்கலுக்கு நல்லது. நம் மலைநாட்டுக் காய் கடினமும் மணற்றன்மையும் உடையதாதலின், பச்சையாக உண்பதிலும் சீனியிட்டு அவித்துண்பதே சுவை தரும். பிளினியின் கூற்று நம்மிடம் இன்னும் செல்லுபடியாகின்றது.

உலகப் பேரி விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் இன்று சீனத்தினுடையது. அங்கும் சிச்சுவான் மாகாணத்து அன்யுவான் பகுதியில், பூச்சிமருந்து மிகுந்து தேனீ அருகியதால், உழவர் மரத்திலேறி இறகுத்தூரிகையால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் தீட்டும் நிலை 1980களில் ஏற்பட்டது. தேனீயின் வேலையையும் மனிதன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டான்.

நைற்றின் கேள்விக்கு மீள்வோம். பழைய இனங்கள் நலிந்தது மெய்யே. ஆனால் முதுமையால் அன்று. ஒட்டுந்தோறும் கிளையோடு கூடவே கடத்தப்பட்ட வைரசு நோய்களும் பிற நோய்களுமே காரணமென 20 ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. கன்றை வெப்பத்தில் வைத்தும், நுனிமுளையை மட்டும் பிரித்து வளர்த்தும் அந்நோய்களை நீக்கியபோது பல இனங்கள் பழைய வலிமையைப் பெற்றன. தாய்மரத்தின் சாவு ஒட்டுக்கிளைகளைத் தொடுவதில்லை என்பதற்கு யப்பானியர் போற்றும் 'இருபதாம் நூற்றாண்டு' என்னும் பேரி கண்கூடான சான்று. 1888 இல் சிபா மாகாணத்தில் மத்சுதோ ககுநோசுகே என்னும் 13 வயதுச் சிறுவன் குப்பைமேட்டில் முளைத்திருந்த கன்றொன்றைக் கண்டெடுத்து வளர்த்தான். பத்தாண்டின் பின், வரப்போகும் நூற்றாண்டின் பெயர் அதன் கனிக்கு இடப்பட்டது. 1904 இல் தொத்தோரி மாகாணத்துக்குச் சென்ற அவ்வினம், அம்மாகாணத்தின் அடையாளமே ஆயிற்று. 1935 இல் தாய்மரம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உலகப்போரில் வான்குண்டு வீச்சிற் சிதைந்து 1947 இல் பட்டுப்போயிற்று. தொத்தோரியின் மரங்களோ அதனை அறியாதனபோல் காய்த்தன. அவ்வினத்தின் குறையாயிருந்த கரும்புள்ளி நோயைத் தாங்கும் கிளையொன்று, காமாக் கதிர் பாய்ச்சிய மரத்தில் 1981 இல் காணப்பட்டு, அதுவும் ஒட்டப்பட்டு இன்று புதிய இனமாக நிற்கின்றது.

மிக முதிய மரம் ஒன்றும் இன்னும் உயிரோடுள்ளது. மாசச்சூசெற்சு மாநிலத்து தான்வேர்சில், அக்குடியேற்றத்தின் ஆளுநராயிருந்த சோன் எண்டிக்கொற்று 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட பேரி அது. புயல்கள் பலமுறை அதனை முறித்தன. 1964 இல் தீயோர் சிலர் இரவில் வந்து கிளைகளையும் அடிமரத்தையும் அறுத்தனர். எஞ்சிய கட்டையிலிருந்து மீண்டும் தளிர்த்தது. அதன் கனி சிறியது, கரடுமுரடானது, உண்பதற்கு இன்பந் தராதது என்று கண்டோர் எழுதியுள்ளனர். எனினும் அதன் கிளையொன்றை எடுத்து ஒட்டிய மரம், 1981 இல் ஓரிகன் மாநிலத்துக் கோர்வாலிசில் நிறுவப்பட்ட பேரிக் காப்பகத்தில், உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான இனங்களின் நடுவே, பெயர்ச்சீட்டோடு வளர்க்கப்படுகின்றது.